களைத்த மனம் கர்த்தரிடத்தில் இளைப்பாற ஒரு நாள்: தொடக்கம் முதல் முடிவு வரை

சபை வேலைகளிலேயே மூழ்கிக் களைத்துப்போனவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பாடகர் குழுவை நடத்துகிறவர், ஞாயிறு பள்ளி ஆசிரியை, அசன வேலைக்கு ஆள் திரட்டுகிறவர், வேலைக்கும் போய்க்கொண்டு படுக்கையில் கிடக்கும் தகப்பனையும் பார்த்துக்கொள்கிற மகள் ஆகியோர் ஒரு கட்டத்தில் வந்து, ‘ஜெபிக்க உட்கார்ந்தால் ஒன்றுமே வரவில்லை’ என்று சொல்வதைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். அவர்களில் சிலருடன் ஒரு நாள் முழுவதும் தனித்திருந்து இளைப்பாறும் பழக்கத்தைச் செய்துபார்த்ததில், பெரும்பாலோர் தவறுவது ஒரே இடத்தில்தான் என்பது தெரியவந்தது. கடைசியில் செய்ய வேண்டியதை அவர்கள் முதலில் செய்கிறார்கள்.

களைப்போடு வருகிறவர் உடனே உபவாசம் இருக்கிறார், நீண்ட பிரசங்கங்களைக் கேட்கிறார், இனிமேல் தினமும் நான்கு மணிக்கு எழுவேன் என்று பொருத்தனை செய்கிறார், இரண்டு வாரத்தில் முன்பைவிட அதிகமாகச் சோர்ந்துபோகிறார். வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி எலியா நடத்தப்பட்ட ஒழுங்கு இதற்கு நேர்மாறானது. சூரைச்செடியின்கீழ் விழுந்து, தனக்குச் சாவு வேண்டும் என்று கேட்ட அந்த மனிதனுக்கு முதலில் தூக்கமும், பிறகு சுட்ட அடையும் தண்ணீரும், மறுபடியும் தூக்கமும் மறுபடியும் உணவும் கிடைத்தன. அதன்பின் நீண்ட நடை. அதன்பின் ஒரு கேள்வி. அதன்பின் மெல்லிய சத்தம். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வேலையும் துணையும். கீழே உள்ள படிகள் இந்த வரிசையையே பின்பற்றுகின்றன. ஒரு படியைச் சுருக்கிக்கொள்வதில் தவறில்லை, ஆனால் வரிசையை மாற்ற வேண்டாம்.

1. எந்தச் சோர்வு என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

ஒரு தாளில் நான்கு கேள்விகளுக்கு ஒவ்வொரு வரியில் விடை எழுதுங்கள். கடந்த ஒரு மாதத்தில் எத்தனை இரவுகள் போதிய அளவு தூங்கினேன்? யாரையாவது, எதையாவது இழந்திருக்கிறேனா? மனச்சாட்சியை உறுத்துகிற, பெயர் சொல்லக்கூடிய ஒரு செயல் உண்டா? இரண்டு வாரங்களுக்கு மேலாக, ஏறக்குறைய எல்லா நாளும், முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறேனா?

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. தூக்கமின்மையால் வந்த சோர்வுக்குப் பாவ அறிக்கை மருந்தாகாது. துக்கத்தால் வந்த சோர்வை ஒரு நாள் தூக்கம் போக்காது. மறைத்துவைத்த குற்றத்தை ஓய்வு ஆற்றாது. முதல் கேள்வியில் விடை சிக்குகிறவர்கள் கீழே உள்ள 3, 4, 7-ஆம் படிகளில் அதிக நேரம் செலவிடட்டும். துக்கத்தில் இருப்பவர்களுக்கு 6-ஆம் படியும், குற்ற உணர்வில் இருப்பவர்களுக்கு 9-ஆம் படியும் முக்கியமானவை.

நான்காம் கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதியவர் தியான நாளைக் குறிப்பதற்கு முன்னால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்; அதற்குச் சிகிச்சை உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் நாளை என்று தள்ளிவைக்காமல் இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணையும் இலங்கையில் 1926 என்ற எண்ணையும் எந்த நேரத்திலும் அழைக்கலாம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள், விசுவாசத்தின் பெயரால் யார் சொன்னாலும், மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது. ‘மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம்’ என்று மேடையில் சொல்லக் கேட்டு நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பட்ட பாட்டை நினைத்தே இதை முதல் படியில் வைத்திருக்கிறேன்.

2. நாளையும் இடத்தையும் வீட்டாரையும் முன்கூட்டியே ஒழுங்குபடுத்துங்கள்

குறைந்தது பத்து நாட்களுக்கு முன்பே தேதியைக் குறியுங்கள். ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், ஏனென்றால் சபையில் பொறுப்பு வகிப்பவருக்கு ஞாயிறுதான் வாரத்தின் மிகக் கடினமான வேலைநாள். கிறிஸ்துமஸ், உயிர்த்தெழுதல் பண்டிகைகளுக்கு முந்தைய வாரங்களும் உதவாது. சனிக்கிழமையோ, விடுப்பு எடுக்க முடிந்தால் வாரத்தின் நடுவே ஒரு நாளோ பொருந்தும்.

இடம் உங்கள் வீடாக இல்லாமல் இருப்பது நல்லது. வீட்டில் உட்கார்ந்தால் காயாத துணியும் கட்டாத கட்டணமும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். கத்தோலிக்கத் துறவற சபைகள் பலவும் தியான இல்லங்கள் நடத்துகின்றன. முன்பே எழுதிக் கேட்டால் பிற திருச்சபையினரையும் அனுமதிக்கும் இல்லங்கள் உண்டு. குளித்தலைக்கு அருகே காவிரிக் கரையில் உள்ள சாந்திவனம், திருப்பத்தூரில் உள்ள கிறிஸ்துகுல ஆசிரமம் போன்ற ஆசிரமங்களும் அமைதியை நாடுகிறவர்களுக்காகவே அமைந்தவை. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் வார நாளில் ஆளில்லாமல் இருக்கும் தங்கள் ஆலயத்தையோ, வெளியூர் போயிருக்கும் நண்பரின் வீட்டையோ கேட்டுப் பெறலாம். நிழலும் நாற்காலியும் கழிப்பறையும் இருந்தால் போதும். அழகான மலைவாசஸ்தலம் தேவையில்லை. அங்கே போனால் படம் எடுக்கத்தான் தோன்றும்.

வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அன்று சமையலை யார் பார்ப்பார்கள், பிள்ளைகளை யார் அழைத்துவருவார்கள், படுக்கையில் இருப்பவருக்கு யார் மருந்து கொடுப்பார்கள் என்று பெயரோடு முடிவு செய்யுங்கள். இதைச் செய்யாமல் போகிறவர் உடலைத் தியான இல்லத்துக்கு அனுப்பிவிட்டு மனத்தை அடுப்படியில் விட்டுவிட்டுப் போகிறார். ஓய்வுநாள் கட்டளையைப் படித்தால் அது வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் மாட்டுக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டிருப்பது தெரியும். உபாகமம் 5-ஆம் அதிகாரம் அதற்குக் காரணமாக எகிப்தின் அடிமை வாழ்வையே நினைவூட்டுகிறது. ஆகவே கணவர் இளைப்பாறப் போகும் நாளில் மனைவியின் வேலை இரட்டிப்பாகுமானால் அந்த ஏற்பாட்டில் பிழை இருக்கிறது. அடுத்த மாதம் மனைவியின் முறை எந்தத் தேதியில் என்பதையும் அதே நாளில் எழுதிவிடுங்கள்.

எடுத்துச்செல்ல வேண்டியவை: அச்சிட்ட வேதாகமம், கோடிட்ட குறிப்பேடு, இரண்டு பேனா, குடிநீர், மதிய உணவு, ஒரு போர்வை அல்லது பாய், அன்றாட மருந்துகள். கைபேசியில் உள்ள வேதாகமம் வேண்டாம். வசனம் தேடப்போன விரல் வாட்ஸ்அப்புக்குப் போவதற்கு அரை நிமிடம் ஆகாது. அவசர அழைப்புக்காகக் கைபேசி தேவை என்றால் அதைத் தியான இல்லத்தின் அலுவலகத்திலோ பையின் அடியிலோ ஒலி கேட்கும் நிலையில் வைத்துவிட்டு, வீட்டில் ஒருவர் மட்டும் அழைக்கலாம் என்று சொல்லிவையுங்கள்.

3. முந்தைய இரவு தூங்குங்கள்

தியான நாள் முந்தைய மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. வேதாகமத்தின் கணக்கிலும் ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் சாயங்காலத்தை முன்னும் விடியற்காலத்தைப் பின்னும் வைத்தே நாளைச் சொல்கிறது. ஒன்பது மணிக்குத் திரைகளை அணைத்துவிட்டுப் படுத்துவிடுங்கள். தூக்கம் வராவிட்டால் சங்கீதம் 4-இன் கடைசி வசனத்தை மெதுவாக வாய்க்குள் சொல்லிக்கொள்ளுங்கள். அது படுக்கையில் சொல்வதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும்.

முழு இரவு ஜெபத்துக்குப் போய்விட்டு மறுநாள் நேராகத் தியானத்துக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் ஓரிருவர் இருப்பார்கள். அவர்கள் காலை முழுவதும் தூக்கத்தோடு போராடி, ‘எனக்குத் தியானம் வராது’ என்ற முடிவோடு வீடு திரும்புகிறார்கள். தியானம் வராமல் போனதற்குத் தூங்காத உடல்தான் காரணம்.

4. காலையில் சாப்பிடுங்கள், அன்று உபவாசம் வேண்டாம்

இந்த ஒரு படியைத்தான் பலரும் ஏற்க மறுக்கிறார்கள். உபவாசத்துக்குத் திருச்சபையில் இடம் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் களைத்து விழுந்த எலியாவைத் தட்டியெழுப்பிய தூதன் சொன்ன முதல் வார்த்தை ‘எழுந்திருந்து போஜனம்பண்ணு’ என்பதுதான். இரண்டாம் முறை எழுப்பியபோது, போகவேண்டிய தூரம் அதிகம் என்பதையே காரணமாகவும் சொன்னான். வெறும் வயிற்றில் பசியும் தலைவலியும் மனக்கலக்கமும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், எது உடலின் முறையீடு, எது உள்ளத்தின் முறையீடு என்று பிரித்தறிய முடியாமல் போகும். நீரிழிவு உள்ளவர்களுக்கோ அது ஆபத்தும்கூட.

இட்லியோ கஞ்சியோ எளிதாகச் செரிக்கும் எதுவோ போதும். மெதுவாகச் சாப்பிடுங்கள். பல மாதங்களாக நின்றுகொண்டே சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு உட்கார்ந்து சாப்பிடும் இந்த இருபது நிமிடமே அன்றைய முதல் இளைப்பாறுதலாக அமைவதைக் கண்டிருக்கிறேன்.

5. அமர்ந்திருங்கள்: முதல் இருபது நிமிடம்

சுமார் ஒன்பது மணிக்கு இடத்தில் உட்காருங்கள். முதுகு சாயும் நாற்காலி நல்லது. முழங்காலில் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கண்களை மூடி, மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் சற்று நேரம் கவனித்துவிட்டு, ஒரு சிறு வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ‘கர்த்தாவே, இங்கே இருக்கிறேன்’ என்பது போதும். வாக்கியம் நழுவினால் கடிந்துகொள்ளாமல் மறுபடியும் அதற்கு வாருங்கள்.

சங்கீதம் 131 மூன்றே வசனங்கள் கொண்டது. அதில் உள்ள குழந்தை தாயின் பால் மறந்த குழந்தை. பாலுக்காக அழுகிற குழந்தை அல்ல. அது எதையும் கேட்காமல் தாயின் மடியில் சும்மா இருக்கிறது. இந்த இருபது நிமிடத்தில் விண்ணப்பம் எதுவும் வேண்டாம் என்று சொல்வதற்கு அதுவே காரணம். மன்றாட்டு ஜெபத்தில் தேர்ந்தவர்களுக்குத்தான் இது மிகக் கடினம். அவர்கள் இரண்டாம் நிமிடத்திலேயே ஊர் ஊராகப் பெயர் சொல்லி ஜெபிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

மூன்று விஷயங்கள் நடக்கக்கூடும். செய்ய மறந்த வேலைகள் நினைவுக்கு வரலாம். அவற்றைத் தனித்தாளில் ஒரு சொல்லாகக் குறித்துவிட்டு விடுங்கள், இல்லாவிட்டால் மறந்துவிடுமோ என்ற பயத்தில் மனம் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். தூக்கம் வரலாம், தூங்கிவிடுங்கள். காரணம் தெரியாமல் கண்ணீர் வரலாம். அதை ‘அபிஷேகம்’ என்றோ ‘பலவீனம்’ என்றோ பெயரிட வேண்டாம், வரட்டும். இருபது நிமிடத்தை ஒரு மணி நேரமாக நீட்ட முயல்வது புதியவர்கள் செய்யும் பிழை. வேண்டுமானால் எழுந்து சற்று நடந்துவிட்டு மறுபடியும் ஒரு இருபது நிமிடம் அமரலாம்.

6. முறையீட்டை எழுதுங்கள்

இந்த நாளின் நடுத்தண்டு இந்தப் படிதான். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஓரேப் மலையின் குகையில் எலியாவிடம் ‘இங்கே உனக்கு என்ன காரியம்’ என்ற கேள்வி இரண்டு முறை கேட்கப்படுகிறது. கேட்டவருக்கு விடை தெரியாமல் இல்லை. எலியா தன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. அவர் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே விடையையே சொல்கிறார்: நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன். அந்த விடை உண்மை நிலவரத்தோடு பொருந்தவில்லை. பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத ஏழாயிரம் பேர் இருந்தார்கள். இருந்தும் அவர் சொல்லி முடிக்கும் வரை யாரும் இடைமறித்துத் திருத்தவில்லை. உங்கள் முறையீடும் நியாயமாக இருக்க வேண்டியதில்லை, உண்மையாக உணர்ந்ததாக இருந்தால் போதும்.

எழுதுவதற்கு மாதிரியாகச் சங்கீதம் 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனங்கள், மூன்று பகுதிகளாக எளிதில் பிரியும். முதல் இரண்டு வசனங்களில் ‘எதுவரைக்கும்’ என்ற சொல் நான்கு முறை வருகிறது. அடுத்த இரண்டு வசனங்கள் நேரடியான வேண்டுதல். கடைசி இரண்டும் நம்பிக்கை. மூன்று முறை சத்தமாக வாசித்துவிட்டுக் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தின் மேல் ‘எதுவரைக்கும்’ என்று எழுதி, அந்தச் சொல்லில் தொடங்கும் உங்கள் வாக்கியங்களை எழுதுங்கள். எத்தனை வந்தாலும் எழுதலாம். அடுத்த பக்கத்தில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரே ஒரு வேண்டுதல். மூன்றாம் பக்கம் பிறகு.

பெரும்பாலோர் முதல் பக்கத்தில் தடுமாறுவார்கள். சபைத் தமிழில் பழகிய கை குறை சொல்ல மறுக்கும். படுக்கையில் கிடக்கும் மாமியாரைக் கவனித்துவந்த ஒரு பெண், ‘இந்தப் பணிக்காக உம்மைத் துதிக்கிறேன்’ என்று தொடங்கி ஒரு பக்கம் முழுக்க ஸ்தோத்திரம் எழுதியிருந்தார். அவர் முகம் அப்படிச் சொல்லவில்லை. அதை மூடிவைத்துவிட்டு இன்னொரு பக்கம் எழுதச் சொன்னபோது, வெகுநேரம் கழித்து, ‘இரவு மூன்று மணிக்கு எழுந்து துணி மாற்றும்போது எனக்கு அவர்கள்மேல் கோபம் வருகிறது, எதுவரைக்கும்?’ என்று ஒரு வரி எழுதினார். அன்று முழுவதும் அவர் எழுதியவற்றில் ஜெபம் என்று சொல்லத்தக்கது அந்த ஒரு வரிதான் என்பது என் எண்ணம். கோபத்தைச் சொன்னதால் அவருடைய அன்பு குறைந்துவிடவில்லை. சொல்லாமல் அடக்கிவைப்பதற்குச் செலவான பலம்தான் அவருக்கு மீண்டு வந்தது.

எழுதும்போது நேரம், இடம், ஆள், பொருள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ‘என் சூழ்நிலைகள் கடினமாக உள்ளன’ என்பது யாருடைய குறிப்பேட்டிலும் இருக்கக்கூடிய வாக்கியம். ‘மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு இன்னும் வழி பிறக்கவில்லை, அதைக் கேட்கும்போதெல்லாம் கணவர் வெளியே போய்விடுகிறார்’ என்பது உங்களுடையது.

மூன்றாம் பக்கமாகிய நம்பிக்கையின் பக்கத்தைக் கட்டாயப்படுத்தி எழுத வேண்டாம். சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது. அதற்கு நம்பிக்கையான ஒரு முடிவை யாரும் ஒட்டவைக்காமல் அப்படியே வேதாகமத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள். உங்களுக்கும் மூன்றாம் பக்கம் வெறுமையாகவே இருக்குமானால், தேதியை மட்டும் மேலே எழுதிவிட்டு விடுங்கள். சில மாதங்கள் கழித்து அதே பக்கத்தை நிரப்பியவர்கள் உண்டு.

இந்தக் குறிப்பேட்டை யாருக்கும் காட்ட வேண்டிய கடமை இல்லை. சாட்சியாகச் சொல்லும்படி கேட்டாலும் மறுத்துவிடலாம். அந்த உறுதி இல்லாவிட்டால் கை மறுபடியும் சபைக்கு முன்னால் வாசிப்பதற்கான தமிழை எழுதத் தொடங்கிவிடும்.

7. மதியம் சாப்பிட்டுத் தூங்குங்கள், பிறகு நடங்கள்

எழுதி முடித்ததும் உடல் கனமாக இருக்கும். சாப்பிட்டு முக்கால் மணி நேரம் படுங்கள். எலியா இரண்டு முறை தூங்கினார் என்பதை நினைத்து வெட்கப்படாமல் தூங்கலாம். எழுந்தபின் அரை மணி நேரம் தனியாக நடங்கள். காதில் பாட்டு வேண்டாம், கையில் வேதாகமமும் வேண்டாம். காலையில் எழுதியவை நடையில் தானாக அடுக்கப்படும்.

8. ஒரு சிறு பகுதியை மட்டும் வாசியுங்கள்

வேதவாசிப்பை இவ்வளவு தாமதமாக வைத்ததற்குக் காரணம் கேட்பார்கள். காலையில் வாசித்தால், குறிப்பாகப் போதிக்கிறவர்கள், அதில் அடுத்த ஞாயிறுக்கான செய்தியைத்தான் காண்பார்கள். முறையீட்டைச் சொல்லி முடித்த காதுக்குத்தான் பதில் கேட்கிறது.

மாற்கு 6:30 முதல் 34 வரை போதும். நான்கு முறை வாசியுங்கள். முதல் முறை சத்தமாக, எந்தச் சொல் உங்களை நிறுத்துகிறது என்று பார்ப்பதற்காக. இரண்டாம் முறை அந்தச் சொல் உங்கள் வாழ்க்கையின் எந்த இடத்தைத் தொடுகிறது என்று சிந்திப்பதற்காக. மூன்றாம் முறை அதைப் பற்றி ஆண்டவரோடு இரண்டு மூன்று வாக்கியம் பேசுவதற்காக. நான்காம் முறை வாசித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பதற்காக. துறவு மடங்களில் நூற்றாண்டுகளாக வழங்கிவரும் வாசிப்பு முறை இது. கத்தோலிக்கரும் மற்றத் திருச்சபையினரும் தடையின்றிப் பின்பற்றலாம்.

அந்தப் பகுதியில் சீஷர்களுக்குச் சாப்பிடவும் நேரமில்லாதபடி ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள்; ‘சற்றே இளைப்பாறும்படி’ வாருங்கள் என்று இயேசு அவர்களை அழைக்கிறார். படகில் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் கரைவழியாக ஓடி முன்னே வந்து நிற்கிறது. ஆக, ஆண்டவரே ஏற்பாடு செய்த ஓய்வும் குறுக்கிடப்பட்டதுதான். படகில் இருந்த அந்தச் சிறு பொழுதே அன்று அவர்களுக்குக் கிடைத்தது. உங்கள் தியான நாளின் நடுவே வீட்டிலிருந்து அழைப்பு வந்து பாதியில் எழுந்துபோக நேர்ந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். படகில் இருந்த வரை இருந்தீர்கள்.

ஐந்து வசனத்துக்கு மேல் வாசிக்க வேண்டாம். ‘ஒரு நாள் கிடைத்தது, ஏசாயாவை முழுதாக முடித்துவிடலாம்’ என்று வருகிறவர்கள் ஓய்வையும் ஒரு வேலையாக மாற்றிக்கொண்டு திரும்புகிறார்கள்.

9. குற்றத்தையும் களைப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்

இந்தப் படி எல்லாருக்கும் தேவைப்படாது. முதல் தாளில் மூன்றாம் கேள்விக்கு விடை எழுதியவர்களுக்கு மட்டும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. உங்களை உறுத்துவது, இன்ன நாளில் இன்னாருக்கு இதைச் செய்தேன் என்று சொல்லக்கூடியதாக இருந்தால் அது குற்றம். அதை அறிக்கையிட வேண்டும். எதையாவது திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தால் கொடுக்க வேண்டும். கத்தோலிக்கர் ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போகலாம். மற்றவர்கள் 1 யோவான் 1:9-ஐப் பிடித்துக்கொண்டு தனியாகவோ, நம்பத்தக்க ஆயர் முன்னிலையிலோ சொல்லலாம். மாறாக, நாளும் ஆளும் இல்லாமல், ‘நான் எதற்கும் லாயக்கில்லாதவன், ஆண்டவருக்கு என்னைப் பிடிக்காது’ என்று பொதுவாக ஒலித்தால், அது பெரும்பாலும் களைப்பின் குரல். அதற்கு அறிக்கை செய்யச் செய்ய அது வளரும். அந்தக் குரலை 6-ஆம் படியின் பக்கத்தில் ஒரு முறையீடாக எழுதிவையுங்கள்.

10. மாலையில் ஒன்றை இறக்கிவைத்து, ஒருவரிடம் சொல்லுங்கள்

நான்கு மணி அளவில் குறிப்பேட்டைத் திறந்து, இப்போது உங்கள் தோளில் இருக்கும் பொறுப்புகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். சபையில், வீட்டில், வேலையிடத்தில் என்று எல்லாம். அவற்றில் ஒன்றை மூன்று மாதத்துக்கு இறக்கிவைக்க முடிவு செய்யுங்கள். ஒன்றே ஒன்று. எல்லாவற்றையும் உதறுகிற முடிவு களைப்பில் எடுக்கப்படுவது, அடுத்த வாரம் நிலைக்காது.

எலியாவுக்குக் கடைசியில் கிடைத்தவற்றில் எலிசாவும் ஒருவன். தனியாக இருக்கிறேன் என்று புலம்பியவனுக்கு, பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்த இளைஞன் ஒருவன் காட்டப்பட்டான். தன் சால்வையை அவன்மேல் போடும் வேலை எலியாவுடையதாக இருந்தது. நீங்கள் இறக்கிவைக்கும் பொறுப்புக்கு ஓர் ஆளைத் தேடுங்கள். ‘நான் இல்லாவிட்டால் பாடகர் குழு கலைந்துவிடும்’ என்று சொல்கிறவர் பல ஆண்டுகளாக யாருக்கும் கற்றுக்கொடுக்காமல் இருந்திருப்பார் என்பதைக் கொஞ்சம் கசப்போடுதான் இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

அன்றைக்கே, அல்லது மறுநாளே, ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் வாய் காப்பவராக இருக்க வேண்டும், உங்களுக்கு அறிவுரை சொல்ல அவசரப்படாதவராக இருக்க வேண்டும். அக்காவோ, பழைய பள்ளித் தோழியோ, ஓய்வுபெற்ற ஆயரோ, யாராகவும் இருக்கலாம். ஜெபக்குழுவில் பொதுவாகச் சொல்ல வேண்டாம். ஜெபக்குறிப்பாகச் சொல்லப்பட்ட செய்தி ஊரைச் சுற்றி வருவதற்கு எவ்வளவு நேரமாகும் என்பது சபையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

11. வீடு திரும்பியபின் வரும் வாரம்

அன்று இரவு மனம் லேசாக இருக்கும். மூன்றாம் நாள் பழைய எரிச்சல் திரும்பி வரும். அப்போது, ‘எல்லாம் வீண்’ என்று நினைக்கத் தோன்றும். ஒரு நாளில் ஆறுகிற களைப்பு அல்ல இது என்பதால், சிறு பழக்கங்கள் இரண்டைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, இரவில் பத்து நிமிடம். இயேசு சபையை நிறுவிய லயோலா இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மிகப் பயிற்சிகளில் ஐந்து நிலைகள் கொண்ட தினசரி ஆய்வு ஒன்று உண்டு. அதை எளிமையாக்கிச் செய்யலாம்: இன்றைக்கு நன்றி சொல்ல எது இருந்தது, எந்த நேரத்தில் உயிர் வந்தது, எந்த நேரத்தில் உயிர் வடிந்தது, எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், நாளைக்கு எதில் உதவி வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதினால் போதும். மூன்றாவது கேள்விதான் சில வாரங்களில் பயன் தரும். உயிரை வடிக்கும் நேரங்கள் ஒரே ஆளோடு அல்லது ஒரே கூட்டத்தோடு திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள்.

இரண்டாவது, வாரத்தில் ஓர் அரை நாள். ஞாயிறு பிற்பகல் எல்லாருக்கும் பொருந்தாது. செவிலியர்களுக்கும் காவல் துறையினருக்கும் ஆயர்களுக்கும் வேறு நாள்தான் வாய்க்கும். அந்த அரை நாளில் சம்பாதிப்பதும் வேண்டாம், சபைக் கணக்கு எழுதுவதும் வேண்டாம். தூக்கம், சாப்பாடு, நடை, ஒரு சங்கீதம், பிள்ளைகளோடு விளையாட்டு ஆகியவை போதும். நான்கு வாரம் தவறினால் குறைகூறிக்கொள்ளாமல் ஐந்தாம் வாரம் தொடங்குங்கள்.

12. மூன்று மாதம் கழித்து இரண்டாம் நாள்

இரண்டாம் தியான நாளின் தேதியை முதல் நாள் மாலையிலேயே நாட்காட்டியில் குறித்துவிடுவது நல்லது. மறுபடியும் விழுந்த பிறகுதான் தேடிப் போவது என்றால், தேடுவதற்கான பலம் அப்போது இருக்காது. அன்று புதிய குறிப்பேடு வாங்க வேண்டாம், பழையதையே எடுத்துச்செல்லுங்கள். காலையில் சாப்பிட்டு, இருபது நிமிடம் அமர்ந்தபின், எழுதத் தொடங்குவதற்கு முன்னால், போன முறை எழுதிய ‘எதுவரைக்கும்’ பக்கத்தை வாசியுங்கள். அந்த வரிகளில் சில இன்று உங்களுடையவை அல்ல என்று தோன்றும். அவற்றின் ஓரத்தில் இன்றைய தேதியை எழுதுங்கள். இன்னும் வலிக்கிற வரிகளைப் புதிய பக்கத்துக்கு அப்படியே மாற்றி எழுதிக்கொண்டு, அங்கிருந்து தொடருங்கள்.